கம்ப்யூட்டர் அறையும் என் மூன்று நாட்களும்

9-8-88, செவ்வாய்

கம்ப்யூட்டர் ஸ்டார்ட் ஆகவில்லை.

வழக்கம்போல முதலாளிதான் பிளாப்பியைப் போட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு, கிழக்கே பார்த்து நின்று, சாமிக்குப் பூப் போடுவதுபோல. அந்தக் கறுப்புத் தட்டை வேறு யாரும் தொடக்கூடாது. மதுரையில் போய்க் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்த நான் சுவிட்சு மட்டும் போடலாம். போட்டேன். விளக்கு எரிந்தது, விசிறி ஓடியது, உள்ளே கரகரவென்று அரைத்தது. திரையில் இங்கிலீஷில் ஒரு வரி: தட்டில் கோளாறு. பிளாப்பியும் கெட்டிருக்கலாம், அதைப் படிக்கிற டிரைவும் கெட்டிருக்கலாம். வேறு பிளாப்பி இருந்தால் போட்டுப் பார்த்துவிடலாம். வாங்கிய அன்றே ஒரு நகல் எடுத்து வைப்போம் என்றேன். "ஒரு கோயிலுக்கு எத்தன மூலவரு தாயி?" என்று சிரித்தார்.

வயரையெல்லாம் பிடுங்கிச் செருகினேன். ஸ்டெபிலைசரில் முள் சரியாகத்தான் நின்றது. மறுபடி அதே வரி.

இந்த ஏலக்காய் எஸ்டேட் ஆபீசில் நான் ஒருத்திதான் பெண். கம்ப்யூட்டருக்காகவே எடுத்த ஆள். அது ஓடாவிட்டால் நான் எதற்கு?

10-8-88

கணக்குப்பிள்ளை கன்னையன் அண்ணன் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"தப்பா நெனைக்காத பொன்னுமணி. நேத்து நீ வீட்டுக்குத் தூரமா? சுடுதண்ணி கேட்டேல்ல, அதேன்."

ஆமாம், இரண்டாம் நாள். அதை அவரிடம் சொல்லாமல் என் மேசைக்குத் திரும்பினேன். முகமே சொல்லியிருக்கும்.

அதைவிடக் கேவலம் — சாயந்தரம் போடிமெட்டிலிருந்து எஸ்டேட் ஜீப்பு இறங்கும்போது நானே யோசித்தேன், ஒருவேளை அதனால்தானோ? பி.எஸ்சி. படித்தவள். டிரைவ் எப்படிச் சுற்றும் என்று படம் போட்டுக் காட்டத் தெரிந்தவள். ஒரு வளைவு திரும்புகிற நேரம் நம்பிவிட்டேன். என் மேலேயே காறித் துப்பலாம் போலிருந்தது.

அம்மாவிடம் சொன்னது அடுத்த முட்டாள்தனம். "அந்த நாள்ல பூசை போட்ட பொருளத் தொடலாமாடி? அவுக பெரிய மனுசரு, ஒண்ணும் சொல்லாம விட்டாகளே."

11-8-88

வரவேண்டாம் என்று ஜீப்பு டிரைவரிடம் சொல்லி அனுப்பியிருந்தார்கள். போடி வரை போய்விட்டு அடுத்த பஸ்சில் ராசிங்காபுரம் வீட்டுக்குத் திரும்பினேன்.

12-8-88, வெள்ளி

இன்று வரச்சொன்னார்கள். எதற்கு என்று போன பிறகுதான் தெரிந்தது. பூசாரி எலுமிச்சம்பழம் அறுத்தார், திரைக்கு விபூதிப் பட்டை போட்டார். என்னை வராந்தாவில் நிற்கவைத்து மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். ஆபீஸ் முழுக்க வேடிக்கை பார்த்தது. பிறகு முதலாளியே சுவிட்சைப் போட்டார். அதே கரகர. "செவ்வா கழியட்டும்" என்றார் பூசாரி.

கழியட்டும். எனக்குத்தான் எதுவும் கழியப்போவதில்லை.

13-8-88

முதலாளி ஏலத்துக்குப் போய்விட்டார். அறை திறந்திருந்தது. உள்ளே போனேன் — செருப்போடு. பிளாப்பியை உருவினேன்.

அப்பளம் மாதிரி நெளிந்திருந்தது.

சூடு பட்டால்தான் இப்படி ஆகும். ஜூனிலிருந்து இந்த மலையில் வெயிலை யார் பார்த்தது? சூடாக இருக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான், ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோர். மழைக்காலத்தில் உப்பு, தீப்பெட்டி, கம்பளி, நனையக்கூடாத எல்லாமே அங்கேதான் போகும்.

ஸ்டோரில் அடுப்புப் பார்க்கும் தவசி அண்ணனிடம் போய்க் கேட்டேன்.

"திங்கக்கெழமை சாயந்தரம் மொதலாளிதேன் கொண்டாந்து காய்க்குப் பக்கத்துல வச்சாரு. ஈரம் ஏறாம கெடக்கட்டும்னு. காலையில அவரேதேன் எடுத்துட்டுப் போனாரு. ஏந் தாயி, ஏதும் தப்பா?"

"இதை அவர்கிட்டச் சொல்வீகளாண்ணே?"

"எனக்கு அடுப்புச் சோலி கெடக்கு தாயி."

பிள்ளைகுட்டிக்காரர். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் சொல்கிறேன்.

போடியில் இறங்கியதும் மதுரைக் கம்பெனிக்கு டிரங்க் கால் போட்டு வேறு பிளாப்பி அனுப்பச் சொன்னேன்.

17-8-88, புதன்

பஸ்சில் பிளாப்பி வந்தது. முதலாளி போட்டதும் ஸ்டார்ட் ஆகிவிட்டது.

முதலாளி கன்னத்தில் போட்டுக்கொண்டார். "செவ்வா கழியட்டும்னாருல்ல பூசாரி?"

பழையதை மேசைமேல் வைத்தேன். எல்லார் முன்னாலும் சொன்னேன். இது ஸ்டோர் சூட்டில் நெளிந்தது, வைத்தது நீங்கள், நான் தொட்டதால் ஒன்றுமில்லை.

அவர் கோபப்பட்டிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். சிரித்தார்.

"முப்பது வருசமா அங்கதேன் உப்பு வைக்கிறேன் தாயி. கெட்டாப் போச்சு?"

கன்னையன் அண்ணனும் சிரித்தார். வாசலில் நின்ற தவசி அண்ணன் கூரையைப் பார்த்தார்.

18-8-88

வேலை போகவில்லை. இனி அந்த மூன்று நாளும் வரவேண்டாமாம். முன்கூட்டியே கன்னையன் அண்ணனிடம் சொல்லிவிட வேண்டுமாம். சம்பளம் பிடிக்க மாட்டாராம். "எம்புட்டு நல்ல மனசு" என்கிறாள் அம்மா.

என் உடம்புக்கு ஒரு கணக்குப்பிள்ளை.

உதறிவிட்டு வந்துவிடலாம். வந்து? இந்தப் பக்கத்தில் நான் படித்த படிப்புக்கு வேறு கம்ப்யூட்டர் எங்கே இருக்கிறது? உதறினால் அவர்கள் சொன்னதுதான் நிஜம் என்றாகிவிடும். இருக்கிறேன்.

30-8-88

கன்னையன் அண்ணனிடம் சொன்னேன், நாளையிலிருந்து மூன்று நாள் என்று. தலையைக் குனிந்துகொண்டு காலண்டரில் சுழித்தார்.

சொன்னது பொய். இன்னும் நாள் இருக்கிறது.

1-9-88

தேனியில் மேட்னி. குப்பைப் படம். கடைசிவரை உட்கார்ந்து பார்த்தேன்.

6-9-88, செவ்வாய்

விடியும்போதே வயிற்றுவலி. முதல் நாள். வெந்தயத்தை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு ஜீப்பில் ஏறினேன். ஆபீசில் யாரிடமும் சுடுதண்ணீர் கேட்கவில்லை.

முதலாளி பிளாப்பியை எடுத்தார். கிழக்கே பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, என்னிடம் நீட்டினார்.

"தலைக்கு ஊத்திச் சுத்தமா வந்திருக்க. இன்னைக்கு நீயே போடு."

இத்தனை மாதத்தில் அவர் அதை என் கையில் கொடுத்தது இதுதான் முதல் தடவை. வாங்கினேன். போட்டேன். ஒரு கரகர இல்லை, உடனே வந்துவிட்டது. முதல் தாளை அச்சடித்துக் கொடுத்தேன். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"பாத்தியா, சுத்தபத்தமா இருந்தா எப்படி ஓடுதுன்னு?"

"ஆமாங்க" என்றேன்.