குனியாத தலை

மெம்ஃபிஸ், டென்னசி
1953 ஜூலை 12

திரு. அலான்சோ டீக் அவர்களுக்கு,

நான் லூசியஸ் பெட்வேயின் மனைவி ஒடெஸ்ஸா. நான் உங்களுக்கு ஒரு நாள் கடிதம் எழுதுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால், அவர் முகத்தில் கதவைச் சாத்தியிருப்பேன். ஒன்பது வருடங்களுக்கு முன்பு சிகாகோவில் பேஸ்பால் ஆட்டத்தில் நீங்கள் வீசிய பந்து என் வீட்டுக்காரரின் இடது நெற்றிப்பொட்டில் பட்டது. காதிலிருந்து ரத்தம் வந்தது. ஆஸ்பத்திரிக்கு வந்து, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு என் எதிரே நின்றீர்கள். நான் உங்களைத் துரத்திவிட்டேன். அதற்காக இன்றைக்கும் வருத்தப்படவில்லை.

இருவரும் ஒரே அணியில் ஆடப்போகிறீர்கள் என்று கேள்விப்பட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. மைதானம் நிரம்பி வழிய ஆடிய இரண்டு பெரிய மனிதர்கள், நாற்பது வயதைத் தாண்டியபின், கனடாவில் ஏதோ ஒரு வெண்ணெய் ஆலைக்காரரின் அணியில், மார்பில் பசுமாட்டுப் படத்தோடு! நம்முடைய கறுப்பர் பேஸ்பால் லீக் படுத்துவிட்டது. வெள்ளைக்காரர்களின் பெரிய லீக் கதவைத் திறந்தாலும் சின்னப் பையன்களைத்தான் உள்ளே விடுகிறது. போகட்டும், ஒரு கோடைதானே என்று அனுப்பிவைத்தேன்.

போன வாரம் அவரிடமிருந்து கடிதம் வந்தது. மட்டையோடு நிற்கும்போது ஒரு பந்து மூக்கை உரசுவதுபோல் போனதாம். அவர் இமைகூட அசைக்கவில்லையாம். கூட்டம் முழுவதும் எழுந்து நின்று கைதட்டியதாம். பெருமை தாங்கவில்லை மனிதருக்கு. படித்த எனக்குப் பெருமை வரவில்லை.

டீக், நான் அவரோடு இருபது வருடமாகக் குடும்பம் நடத்துகிறேன். சமையலறையில் துணியை உதறினால்கூடக் குனிகிற மனிதர் அவர். போன குளிர்காலம் முழுவதும் காப்பியைக் கோப்பைக்கு வெளியே ஊற்றினார். இடது பக்கமாக நான் வந்து நின்றால் திடுக்கிட்டார். கேட்டால் தூக்கக் கலக்கம் என்பார்.

அவர் அசையாமல் நின்றது தைரியத்தாலா, அல்லது பந்தையே பார்க்கவில்லையா? அவரைக் கேட்டால் பொய் சொல்வார். அவருடைய சிநேகிதர்களைக் கேட்டால் எனக்காக இனிப்புத் தடவிச் சொல்வார்கள். உங்களுக்கு அந்த அவசியம் இல்லை. அதனால்தான் உங்களைக் கேட்கிறேன்.

ஒடெஸ்ஸா பெட்வே


எல்ம்ஃபோர்டு, மானிடோபா
1953 ஜூலை 21

மதிப்புக்குரிய சகோதரி பெட்வே அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது லூசியஸ் மாடியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். எங்கள் இருவரையும் ஒரே அறையில் போட்டிருக்கிறார்கள். வந்த புதிதில் நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை. வீட்டுக்கார அம்மாள் ரெம்பெல்தான் பாவம். லூசியஸின் கைக்குப் பக்கத்தில் இருக்கும் உப்பை நான் அவரிடம் கேட்பேன். அவர் மேசையைச் சுற்றிப் போய் எடுத்து வந்து தருவார்.

சிகாகோ விஷயத்தைப் பற்றி உங்களோடு வழக்காடப் போவதில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

அவன் பந்தைப் பார்க்கவில்லை.

ஆட்டக்காரர்களின் பெஞ்சிலிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பந்து போய்விட்டது, ஜனங்கள் எழுந்து கத்துகிறார்கள், அவன் சுற்றும்முற்றும் திரும்பிப் பார்க்கிறான். பெஞ்சுக்கு வந்ததும் என் காதருகே குனிந்து, "எதுக்குடா எல்லாரும் கத்துனாங்க?" என்றான். "ஒரு பந்து உன் மூக்கு வரைக்கும் வந்துட்டுப் போச்சு" என்றேன். மட்டையைப் பெஞ்சில் சாய்த்து வைத்தான். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி, "இந்த உருளைக்கிழங்கு தோண்டுற பசங்க எறியுறதுக்கெல்லாம் பெட்வே குனிவானா?" என்று சத்தமாகச் சிரித்தான்.

எனக்கு முன்பே தெரியும். இடது கண் தெரியவில்லை என்று ஜூன் மாதமே என்னிடம் வந்து சொன்னான். பந்து வீசுபவன் நான், மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பிடிப்பவன் அவன். எங்கள் ஆட்டத்தில் பிடிப்பவன்தான் விரல் காட்டி, இன்ன பந்து வீசு என்று சொல்வான். உங்களுக்குத் தெரியாததா. "இனிமே நான் காட்டுற விரலெல்லாம் சும்மா, ஊருக்கு வேடிக்கை. நீதான் எனக்குச் சொல்லணும். தொப்பியத் தொட்டா வேகப்பந்து. பெல்ட்டத் தொட்டா மெதுவா வளைஞ்சு கீழ எறங்குறது. என் மண்டைய ஒடச்சவன் நீ, இதுகூடச் செய்ய மாட்டியா?" என்றான். செய்கிறேன். என்ன பந்து, எங்கே வரும் என்று முன்பே தெரிந்தால் ஒற்றைக் கண்ணோடு பிடித்துவிடுகிறான். இந்த ஊரில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை.

பிடிக்கும்போது முகத்தில் கம்பி முகமூடி இருக்கிறது. மட்டையோடு நிற்கும்போது ஒன்றுமில்லை. பிளாஸ்டிக் தொப்பி வாங்கிக் கொடுத்தேன். "கிண்ணத்தைத் தலையில கவுத்துக்கிட்டு ஆட நான் என்ன கோமாளியா?" என்று சன்னல் வழியாக வீசிவிட்டான்.

உண்மையைக் கேட்டீர்கள். இதுதான் உண்மை.

அலான்சோ டீக்


மெம்ஃபிஸ்
1953 ஜூலை 30

திரு. டீக் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். பிறகு உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தேன்.

இப்போது தெருவில் சைக்கிள் மணி கேட்டாலே தந்திக்காரர் என்று நினைக்கிறேன். நேற்று ஐஸ்காரர் கதவைத் தட்டினார். திறக்கப் பயந்துகொண்டு நின்றேன், பாதி ஐஸ் வாசலிலேயே உருகிவிட்டது. ஆட்டம் நடக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் எல்லாரும் பாடுகிறார்கள், எனக்கு மட்டும் மட்டைச் சத்தம் கேட்கிறது.

உடம்பு சரியில்லை, வந்துவிடுங்கள் என்று அவருக்கு எழுதினேன். பதில் என்ன தெரியுமா? "பொய்க் காய்ச்சலுக்கெல்லாம் நான் மசிய மாட்டேன்டி, செப்டம்பர் வரைக்கும் பொறு" என்று எழுதி, கீழே ஒரு பசுமாட்டையும் வரைந்து அனுப்பியிருக்கிறார். மாட்டுக்கு ஒரு கொம்பு காதுக்குக் கீழே முளைத்திருக்கிறது. அதைப் பார்த்து நான் அழுதேன்.

உங்கள் மேனேஜர் ஹால்டோர்சனிடம் போய்ச் சொல்லிவிடுங்கள். ஒரு வார்த்தை போதும். இதைச் செய்தால் சிகாகோவைப் பற்றி நான் இனி வாய் திறக்க மாட்டேன்.

ஒடெஸ்ஸா பெட்வே


எல்ம்ஃபோர்டு
1953 ஆகஸ்ட் 9

சகோதரி ஒடெஸ்ஸாவுக்கு,

ஹால்டோர்சனிடம் போவதற்கு முன்னால் லூசியஸிடம் சொல்லிவிடுவதுதான் முறை என்று நினைத்தேன். அது முட்டாள்தனம். அவன் சவரம் செய்துகொண்டிருந்தான். கத்தியைக் கீழே வைத்தான்.

"போய்ச் சொல்லு. அன்னைக்கே பஸ் ஏறி டகோட்டாவுக்குப் போயிருவேன். அங்க பத்து ஊர்ல பத்து டீம் இருக்கு, பேரச் சொன்னா வாய்யான்னு கூப்பிடுவாங்க. அங்க எவன் எனக்குத் தொப்பியத் தொட்டுக் காட்டப்போறான்? கண்ண மூடிக்கிட்டுத்தான் ஆடுவேன். அப்புறம் எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா அதுவும் உன் கணக்குதான்டா, டீக்."

சொன்னால் செய்வான். உங்களுக்கும் தெரியும். அதனால் ஹால்டோர்சனிடம் நான் போகவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். செப்டம்பர் ஏழாம் தேதி, தொழிலாளர் தின விடுமுறையில், பெரிய போட்டி வைத்திருக்கிறார்கள். எதிரணியில் ரஸ்ஸல் கிரீப் என்று ஒருவன். விமானப்படைத் தளத்திலிருந்து வருகிறான். நான் இளமையில் வீசியதைவிட வேகம், ஆனால் பந்து எங்கே போகும் என்று அவனுக்கே தெரியாது. போன மாதம் ஒருவரின் தாடையை உடைத்தான். இரண்டு கண்ணும் நன்றாக இருப்பவர்களே அவன் எதிரே நிற்கும்போது வேண்டிக்கொள்கிறார்கள். லூசியஸுக்கோ அவன் எதிரே நின்றுதான் ஆக வேண்டும். "நான் கடைசியா ஆடுற ஆட்டம் டீக், அந்தப் பயலோட பந்த வேலிக்கு வெளிய அனுப்பிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன்" என்கிறான்.

எனக்குப் பயமாக இருக்கிறது. இத்தனை வருடம் பந்து வீசினேன், எதிரே நிற்பவனுக்காக நான் பயந்ததில்லை. பயந்தால் வீச முடியாது. இப்போது அவன் சட்டை மாட்டிக்கொண்டு மட்டையை எடுக்கிற ஒவ்வொரு தடவையும் நான் பெஞ்சை விட்டு எழுந்து நின்றுவிடுகிறேன்.

அலான்சோ டீக்


மெம்ஃபிஸ்
1953 ஆகஸ்ட் 17

சகோதரர் டீக்குக்கு,

அந்தப் போட்டிக்கு முன்னால் எப்படியாவது அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். எப்படி என்று எனக்குச் சொல்லாதீர்கள்.

ஒடெஸ்ஸா


எல்ம்ஃபோர்டு
1953 ஆகஸ்ட் 31

சகோதரி ஒடெஸ்ஸாவுக்கு,

இந்தக் கடிதம் வருவதற்குள் லூசியஸ் வந்து சேர்ந்திருக்கலாம். அவனுக்குத் தெரியாமல் படியுங்கள். எப்படி என்று சொல்ல வேண்டாம் என்றீர்கள். ஆனால் அவன் வந்து உங்களிடம் ஒரு கதை சொல்வான். அதைக் கேட்டு நீங்களும் என்னைப் பிசாசு என்று நினைத்துவிடக் கூடாது. அந்த ஒரு சுயநலத்துக்காகச் சொல்கிறேன்.

நேற்று உள்ளூர் ஆட்டம். நான் வீசினேன், அவன் பிடித்தான். நாலாவது சுற்றில் நான் பெல்ட்டைத் தொட்டேன். மெதுவான பந்து கீழே இறங்கும் என்று அவன் வலது கையைத் தரைப்பக்கம் கொண்டுபோனான். பிடிப்பவனின் இடது கையில் தடித்த உறை இருக்கும், வலது கை வெறுங்கை. நான் என் பலத்தையெல்லாம் சேர்த்து வேகப்பந்தை அந்த வெறுங்கையைப் பார்த்து வீசினேன்.

பந்து கையை விட்டுப் போன பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. கொஞ்சம் மேலே போனால் தொண்டை. அங்கே முகமூடி கிடையாது. கர்த்தரே, கட்டை விரல், கட்டை விரல் என்று வாய்விட்டே சொன்னேன் போலிருக்கிறது. மைதானத்தின் முதல் மூலையில் நின்ற எங்கள் அணிப் பையன் பிறகு, "என்ன முணுமுணுத்தீங்க?" என்று கேட்டான்.

கட்டை விரல்தான். இரண்டு இடத்தில் முறிவு. கிறிஸ்துமஸ் வரை கட்டு இருக்கும் என்று டாக்டர் சொன்னார். அந்த வயதில் அப்படி முறிந்த கையை வைத்துக்கொண்டு அவனால் இனி மட்டை பிடிக்க முடியாது. டகோட்டாவிலும் முடியாது.

சிகாகோவில் பந்து என் கையை விட்டு நழுவியது. யாரும் நம்பவில்லை, நீங்களும் நம்பவில்லை. நேற்று நழுவவில்லை. ஆனால் ஊரே வந்து என் தோளைத் தட்டி, "கைதவறிப் போச்சு, அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க" என்கிறது. ரெம்பெல் அம்மாள் எனக்காகப் பழ கேக் சுட்டுக் கொடுத்தார். அதை அப்படியே மூடி வைத்திருக்கிறேன்.

லூசியஸ் ஒருவனுக்குத்தான் தெரியும். இன்று காலை ஸ்டேஷனுக்கு அவன் பெட்டியை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன்.

"நீ பெல்ட்டத் தொட்ட."

"ஆமா."

"தொட்டுட்டு வேகமாப் போட்ட."

"ஆமா."

"ஏன்டா?"

ரயில் வந்துவிட்டது என்றேன். காரணத்தைச் சொன்னால் உங்கள் பெயரையும் சொல்ல வேண்டியிருக்கும். பெட்டியை என் கையிலிருந்து பிடுங்கி, இடது கையால் இழுத்துக்கொண்டே ரயில் ஏறினான். ரயில் நகரும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

முதல் வேலையாக அவனைக் கண் டாக்டரிடம் காட்டுங்கள். வீடு வந்து சேர்ந்தான் என்று ஒரு வரி எழுதுங்கள். அது போதும்.

அலான்சோ


மெம்ஃபிஸ்
1953 செப்டம்பர் 13

டீக்,

என் கையால எழுத முடியாதபடி நீ பண்ணிட்ட. அதனால நான் சொல்லச் சொல்ல என் பொண்டாட்டி எழுதுறா. ஒரு வார்த்தையும் மெழுகாம, சொன்னது சொன்னபடி எழுதணும்னு சொல்லியிருக்கேன்.

நீ என் தலையில அடிச்சப்பக்கூட, ஆட்டம்னா அப்படித்தான்னு உள்ளுக்குள்ள உன்ன மன்னிச்சு வச்சிருந்தேன். இவகிட்டக்கூடச் சொன்னதில்ல. இவ இப்ப என்னை நிமிர்ந்து பாக்குறா. எழுதுடி. அந்த ரூம்ல ராத்திரி நாம பேசிக்கிட்டு இருந்தப்ப, இத்தன வருஷத்துல எனக்குக் கிடைச்ச ஒரே சிநேகிதன் இந்தப் பயதான்னு நெனச்சேன். என் கண்ண நம்பாம உன் கையத்தான் நம்பி உக்காந்திருந்தேன். அந்தக் கையாலதான் நீ அடிச்ச. கடைசி ஆட்டத்துல என் பேரு உன் பேருக்கு மேல வந்துருமோன்னு பயமா?

இவ என்னைக் கண் டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போனா. கை ஒடஞ்சவனைக் கண் டாக்டர்கிட்ட! இடது கண்ணு போனது போனதுதானாம். தலையில இன்னொரு அடி பட்டா வலதும் போயிருமாம், உசுரும் போகலாமாம். அடிக்கிறதுக்குத்தான் டீக் இருக்கானேன்னு சொன்னேன். டாக்டருக்குச் சிரிப்பு வரல.

நீ மெம்ஃபிஸ் பக்கம் கால் வைக்காத. நான் செத்தாலும் வராத. உன்ன ரெண்டு வார்த்த திட்டுடின்னு இவகிட்டச் சொன்னேன். இவ திட்டுனா பாரு! சர்ச்சுக்குப் போற பொம்பள வாயில அப்படியெல்லாம் வரும்னு எனக்கே தெரியாது. ஊருக்கு வந்த பிறகு அன்னைக்குத்தான் நான் சிரிச்சேன். அதையும் எழுது. என் பொண்டாட்டி என்னைவிட அதிகமா உன்ன வெறுக்குறா.

அவ்வளவுதான்.

லூசியஸ் பெட்வே

மேலே உள்ளது அவர் சொன்னது. ஒரு சொல்லையும் நான் மாற்றவில்லை. அந்தத் திட்டை எல்லாம் நான்தான் திட்டினேன், அதுவும் உண்மை. தயங்கியிருந்தால் கண்டுபிடித்திருப்பார். இனிமேலும் அவர் கேட்கும்போதெல்லாம் திட்டுவேன். நீங்கள் எனக்கு எழுத வேண்டாம், நானும் எழுத மாட்டேன். சிகாகோவில் நழுவியது என்று நீங்கள் எழுதியதை இப்போது நம்புகிறேன். அதை அவரிடம் சொல்ல வழியில்லை. இதோ மேசைக்கு எதிரே உட்கார்ந்து, "நான்தான் முடிச்சுட்டேனே, இன்னும் என்னடி எழுதுற?" என்று கேட்கிறார். முகவரி என்றேன். முகவரி எழுத எவ்வளவு நேரம் ஆகும் என்கிறார். நிறுத்துகிறேன்.