மிக்ஸருக்கு நான் கொடுத்த கேரண்டி

21 மே 2025

ஜீவராஜ் மிக்ஸரைக் கொண்டுவந்து கவுண்டரில் வைத்தான். "காசத் திருப்பித் தந்துடுங்க நானா." அண்ணன் முறையில் இங்கே எல்லோருக்கும் நான் நானாதான்.

இரத்தோட்டைக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் அவனும் மனைவி கிருஷாந்தினியும் சின்ன இசைக்குழு நடத்துகிறார்கள். பாட்டு அவள். மைக், ஸ்பீக்கர் எல்லாம் மாட்டுகிற பவர்ட் மிக்ஸர் இது, தை மாதம் நான் விற்றது. ஆம்ப்ளிஃபயரும் இந்தப் பெட்டிக்குள்ளேயே. மூன்றாவது பாட்டில் சிவப்பு லைட் எரிந்து சத்தம் செத்துவிடுகிறதாம். ஆறினால் மறுபடி வருமாம். போன வாரம் ஒரு வீட்டில் சனம் கூ அடித்திருக்கிறது.

"ஒண்ணாந்தேதி அலுவிகாரையில கலியாணம். அங்கயும் நின்னுச்சுன்னா இனி எவனும் எங்களக் கூப்பிட மாட்டான்."

ஒரு வருட கேரண்டி எழுதிக் கொடுத்தது நான். ஆனால் சாமானில் பிழை இருக்காது. பார்த்துத்தானே எடுத்தேன்? கொஞ்சம் பொறு என்றேன்.

22 மே

கடையில் காலையிலிருந்து ஓட விட்டேன். என் மனைவி ஸரீனா காதைப் பொத்திக்கொண்டு வந்தாள். "பக்கத்துக் கடைக்காரங்க சண்டைக்கு வரப்போறாங்க, கொறைங்க!" குறைத்தேன். கடைசி வரைக்கும் சிவப்பு லைட் இல்லை.

23 மே

ஜீவராஜ் நாலு ஸ்பீக்கர் மாட்டுகிறானாம்! பிழையைப் பிடித்துவிட்டேன். இரண்டுக்கு மேல் அது தாங்காது என்று சொல்லி, மிக்ஸரைக் கையில் கொடுத்து அனுப்பினேன்.

25 மே

இரண்டு ஸ்பீக்கரோடும் நின்றுவிட்டது. போனில் கிருஷாந்தினி: "நானா, நீங்க வித்தது மிக்ஸரா, கெழட்டு மாடா? மூணு பாட்டுக்கு ஒருக்கா படுத்துக்குது."

சிரிப்பும் வந்தது, ரோஷமும் வந்தது. வயரா? கரண்ட் குறைவா? நேரில் போனால்தான் சரி.

27 மே

தோட்டத்துக்குப் போனேன். மீட்டர் வைத்துப் பார்த்தால் கரண்ட் சரி. வயரும் சரி. தலையைச் சொறிந்துகொண்டு நிற்கிறேன், கிருஷாந்தினி செவ்வந்தி மாலையும் சந்தனமுமாக வந்து மிக்ஸருக்குப் போட்டாள்! ஒத்திகையானாலும் போடுவாளாம். மாலையின் பாதி பின்பக்கம் தொங்கியது. உள்ளே இருக்கும் காற்றாடி காற்றை இழுப்பதே அந்தப் பின்பக்கத்து வலை வழியாகத்தான்.

கழற்றினேன். வலை முழுக்கக் காய்ந்த இதழ். காற்றாடியில் சந்தனம் அப்பிக் கிடக்கிறது. பெட்டிக்கு மூச்சுவிட வழியில்லை. சூடேறினால் தானாகவே நின்றுவிடும். கடையில் சத்தத்தைக் குறைத்து ஓட்டியதால் எனக்குத் தெரியவில்லை.

"நான் அப்பவே சொன்னேன்–" என்றான் ஜீவராஜ்.

"நீங்க எப்ப சொன்னீங்க? மாலை வாங்கிட்டு வர்றதே நீங்கதான்!"

பிறகு என்னிடம், குரல் இறங்கி: "மொத நாள் மாலை போட்டுத்தான் பாடுனேன் நானா. கணீர்னு வந்துச்சு. போடாம எனக்கு வாயே வராது."

பிஸ்மி சொல்லாமல் நானும்தான் கடைப் பூட்டில் கை வைப்பதில்லை. எல்லாவற்றையும் துடைத்து மாட்டிக் கொடுத்தேன். "ஸ்பீக்கருக்குப் போடுங்க தங்கச்சி. சத்தம் வெளிய வர்ற வாய் அதுதானே?" அவள் மாலையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

31 மே

நாளை நின்றால் காசைக் கொடுத்துவிடலாம். பாடுகிற அந்தப் பிள்ளையின் கெட்டுப்போன பெயரை எங்கே போய் வாங்குவது?

1 ஜூன்

கலியாணத்துக்குப் போனேன். மாலை இடது ஸ்பீக்கரில்! ஓரமாக, சத்தம் வரும் வலையை மறைக்காமல். அவள் முகம் மட்டும் தெளியவில்லை. முதல் பாட்டில் குரல் நடுங்கியது. யா அல்லாஹ், மிக்ஸர் சரி, இவள் நின்றுவிடுவாளோ? இரண்டாவதில் குரல் திறந்தது. மூன்றாவது... நாலாவது... அதற்குமேல் நான் எண்ணவில்லை.

ஜீவராஜ் பக்கத்தில் வந்து, "லைட்டையே மொறச்சுக்கிட்டு நிக்கிறீங்களே நானா, பொண்ணு மாப்பிள்ளையப் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை.

3 ஜூன்

இரண்டு பேரும் கடைக்கு வந்தார்கள். மாப்பிள்ளையின் மாமா ஆடியில் கோயில் திருவிழாவுக்குக் கூப்பிட்டிருக்கிறாராம். பேசி முடித்தது: மிக்ஸர் அவர்களிடமே. கேரண்டி இன்னும் ஒரு வருடம் கூட்டி. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கு முன்னும் வலையை பிரஷ் போட்டுத் துடைப்பது ஜீவராஜ். மிக்ஸருக்கு முன்பக்கம் ஒரேயொரு பொட்டு, மாலை ஸ்பீக்கருக்கு. ஸ்பீக்கர் இரண்டு என்பதால் மாலையும் இரண்டாம். அந்த இரண்டாவது மாலை என் செலவு.