குழிக்குள் ஒரு டின் சிவப்பு

1974 ஆடி, திங்கள்
பேய்க்காற்று. வேலி இரண்டு இடத்தில் சரிவு. கட்ட வேண்டும்.

சந்தைக்குப் பின்னால் கிராம சபை குழி தோண்டிவிட்டது. மீன் கழுவிய நீர், கக்கூஸ் வாளி, எல்லாம் அதற்குள். கூப்பிடு தூரத்தில் பொதுக் கிணறு. மூன்று கிராமத்துக்கு நல்ல தண்ணீர் அது ஒன்றுதான், மற்றதெல்லாம் உவர். என் வீட்டு வளவுக் கிணறு விதிவிலக்கு. அந்த நீருக்காகத் தேவலோகத்துத் தேவேந்திரனே வாளியோடு என் வாசல் படலையில் நிற்பதை நானே கண்டிருக்கிறேன்.

சபைச் சேர்மன், என் மனைவி பாக்கியத்தின் தம்பி. போய்ச் சொன்னேன்.
"நிலத்துக்குள்ள போனது போனதுதான் அத்தான். திரும்பி வாறதுக்கு அதென்ன வெளிநாட்டுக்குப் போன பிள்ளையே?"
"கீழ முழுக்க ஓட்டைக் கல்லு, தம்பி. வரும்."
"எங்க, காட்டுங்கோ பாப்பம்."
காட்டுகிறேன். மூவுலகும் பார்க்கக் காட்டுகிறேன்.

புதன்
ஓலைப்பெட்டி இழைக்கப் பாக்கியம் வைத்திருந்த சிவப்புச் சாயம், டின்னோடு மாயம். கள்வன் நான்தான். பட்டப்பகலில், சந்தை பார்க்க, குழிக்குள் கொட்டினேன்.
மீன்கார அந்தோனி: "என்ன அண்ணை, குழிக்குப் பொட்டு வைக்கிறியளோ?"
"ஓம். மாப்பிளை குழி, பொம்பிளை பொதுக் கிணறு. உந்தக் கலியாணத்தைத்தான் மறிக்கிறன்."

சனி
பொதுக் கிணறு பளிங்கு. எட்டி எட்டிப் பார்த்துக் கழுத்துச் சுளுக்கு. தைலம் வாங்க வேண்டும்.
சேர்மன் சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு போகிறான்: "அத்தான், சிவப்பு வந்திட்டுதோ?" சந்தையே சிரிப்பு.
பாக்கியம் பேசுவதில்லை. சாயக் கோபம்.

செவ்வாய்
குசினியிலிருந்து பாக்கியம். "இஞ்ச ஓடி வாங்கோ! சோத்தைப் பாருங்கோ!"
அரிசித் தட்டுப்பாட்டில் ஒளித்து வைத்திருந்த வெள்ளைப் பச்சை அரிசி. பானைக்குள் செவ்வரத்தம்பூ நிறம்.
கிணற்றடிக்கு ஓடினேன். ஒரு வாளி அள்ளி வெயிலில் பிடித்தேன். சிவப்பு.
குழி எங்கே, என் வளவு எங்கே! பொதுக் கிணற்றை விட்டுவிட்டு என் வீடு தேடி வந்திருக்கிறது. இவ்வளவு நாளும் குடித்திருக்கிறோம்.
பாக்கியம்: "ஒருத்தருக்கும் மூச்சு விடாதேங்கோ. இந்தக் கிணத்துக்கு நீங்கள் அடிச்ச புளுகுக்கு ஊர் காறித் துப்பும்."
உண்மை. இன்று என் கிணறு. மாரி மழையோடு பொதுக் கிணறு. வாயை மூடினால் என் மானம் தப்பும், ஊர்த் தண்ணீர் தப்பாது.
தேவேந்திரன் வேறு கிணறு பார்க்கட்டும்.

வெள்ளி
காற்று விழுந்துவிட்டது. சேர்மனுக்கு மதியச் சாப்பாடு இங்கே. அந்தோனியிடம் மட்டும் காதோடு சொன்னேன். ஆகவே படலையில் பாதிச் சந்தை.
இலை போட்டாயிற்று. சிவப்புச் சோறு, பக்கத்தில் சிவப்புத் தண்ணீர்.
"என்னக்கா இது?"
பாக்கியம் என்னைப் பார்த்தாள். சோற்றைப் பார்த்தாள். இன்னும் ஒரு அகப்பை வைத்தாள்.
"உன்ர குழிதான்ரா தம்பி. சாப்பிடு."
படலையில் ஊளை. "வெளிநாட்டுப் பிள்ளை வந்திட்டுது, தம்பி," என்றேன். "குழியை மூடுறன் எண்டு இந்தச் சனத்துக்குச் சொல்லும். இல்லாட்டி இலையைக் காலியாக்கும். ரண்டில ஒண்டு செய்யாமல் எழும்ப ஏலாது."
சேர்மனின் கை இலைக்கு மேலேயே நிற்கிறது. நான் இதை எழுதும்போதும் இருக்கிறான். சோறு ஆறிவிட்டதாம், பாக்கியம் சூடாக்கப் போகிறாள்.