அளவு நோட்டில் போட்ட வட்டம்

அன்புள்ள பாப்புவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு நலம். நீயும் உடம்புக்கு நலமாகத்தான் இருப்பாய், மற்றதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். மூன்று வாரமாக எழுதாமல் தள்ளிப்போட்டேன். போனில் சொன்னால் நீ பேசிப் பேசி என்னையே சமாதானப்படுத்திவிடுவாய், அதற்குத்தானே அந்த விளம்பரக் கம்பெனியில் உனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். அப்பாவுக்கு மணிக்கட்டு வலி குறைந்திருக்கிறது, தையல் மெஷினுக்குப் புது பெல்ட் போட்டாயிற்று. ஆனால் தைக்கத்தான் துணி அவ்வளவாக வருவதில்லை. ஏன் என்று சொல்கிறேன், பாதியில் மடித்து வைக்காமல் படி.

போன லீவில் நீ வந்தபோது வெட்டும் மேசையில் ஏறி உட்கார்ந்துகொண்டு என் அளவு நோட்டைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்தாயே, கம்ப்யூட்டரில் ஏற்றித் தருகிறேன், துணி தைத்து முடிந்ததும் எல்லாருக்கும் தானாகத் தகவல் போய்விடும் என்று. எனக்கு ஒரே பெருமை. அளவுக்குப் பக்கத்தில் இடப்புறம் ஒரு சின்ன வட்டம் போட்டிருக்கிறதே, அது என்ன என்று கேட்டாய். இடப்பக்கம் பஞ்சு வைத்துத் தைக்க வேண்டும், மார்பில் ஆபரேஷன் ஆனவர்கள் என்று நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சொன்னேன். மகளிடம்தானே சொல்கிறோம் என்று நினைத்தேன், கம்பெனியிடம் சொல்கிறோம் என்று நினைக்கவில்லை. அப்புறம் நீ அந்த மாதத்தின் சிறந்த ஊழியர் என்று கண்ணாடிக் கேடயத்தோடு நிற்கிற படம் அனுப்பினாய். கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் காட்டினேன், நம்மிடம் தைக்கிற கணக்கு டீச்சரிடமும் காட்டினேன். கெட்டிக்காரப் பெண் என்று உன்னை வாயாரச் சொன்னார். அவர் அளவுக்குப் பக்கத்தில் போட்டிருந்த வட்டத்தைக் கம்பெனிக்குக் கொடுத்துத்தான் உனக்கு அந்தக் கேடயம் வந்தது என்று எங்கள் இருவருக்குமே அப்போது தெரியாது.

டீச்சர் வகுப்பில் போன் எடுக்க முடியாது, அதனால் வீட்டில் இருக்கிற தன் அம்மாவின் நம்பரைத்தான் என்னிடம் கொடுத்திருந்தார். அந்த அம்மா மூத்த மகளை இதே மார்புப் புற்றுநோயில் பறிகொடுத்தவர். அதனால்தான் டீச்சர் தன் ஆபரேஷனை அவருக்குத் தெரியாமல், வெளியூரில் பயிற்சி வகுப்பு என்று சொல்லிவிட்டுப் போய்ச் செய்துகொண்டு வந்தார். இரண்டு வருடம் ஒரே வீட்டில் இருந்து மறைத்தார், என் தையலை நம்பி. உன் கம்பெனிக்கு மூன்றே மூன்று செய்தி போதுமாக இருந்தது. ஒரு பக்கம் இழந்தாலும் உங்கள் அழகு முழுமையே, பஞ்சு வைத்த உள்ளாடை உங்களுக்காக மட்டும் சிறப்புத் தள்ளுபடியில் என்று அந்த அம்மாவின் போனுக்கு வந்திருக்கிறது. இரண்டு தடவை யாருக்கோ போக வேண்டியது என்று விட்டுவிட்டார். மூன்றாவது வந்த அன்று, பள்ளிக்கூடத்திலிருந்து வந்த மகளை வாசலிலேயே நிறுத்திச் சட்டையைக் கழற்றிக் காட்டச் சொல்லியிருக்கிறார். இப்போது மகளின் கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறாராம்.

டீச்சர் கடைக்கு வந்தார். நான்கு பேர் இருந்தார்கள். நான் தைத்த சட்டையை மேசையில் போட்டு, பிளேடால் கிழித்துப் பஞ்சை எடுத்து என் கையில் வைத்தார். “உங்க தையல்ல ஒரு குறையும் இல்லீங்க. வாயைத்தான் தைக்காம விட்டுட்டீங்க” என்றார். அந்த நால்வரும் அதற்கப்புறம் வரவில்லை. அன்று உனக்குப் போன் செய்தபோது நீ என்ன சொன்னாய், நினைவிருக்கிறதா? “பேரையெல்லாம் எடுத்துட்டோம்மா, வெறும் நம்பர்தான். அவங்களுக்கும் உபயோகமாத்தானே இருக்கும்?” வெறும் நம்பராம். நம்பர் ஒரு வீட்டுக்குள்ளே போய்த்தானே அடிக்கிறது? உன்னை வயிற்றில் சுமந்துகொண்டு டிகிரிப் பரீட்சை எழுதினவள் நான். இதற்கா என்று கேட்கத் தோன்றுகிறது, கேட்டுவிட்டேன்.

நோட்டு திருடு போய்விட்டது என்று டீச்சரிடம் நான் சொல்லியிருக்கலாம். என் மகள்தான் என்று சொன்னேன். அவர் உன் கம்பெனிக்கு எழுதிய புகாரில், படம் எடுத்தது யார், எப்போது, என்ன சொல்லி எடுத்தாள் என்று என் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பெற்ற பெண்ணின் பிழைப்பில் மண்ணைப் போடுகிறாயே என்று அப்பா இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. நேற்றுப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டோம். உன் வேலை போகும், நன்றாக யோசித்துத்தான் போட்டேன்.

ஆனால் உன்னை நாற்காலியிலிருந்து எழுப்பும் முன்னால் என் நோட்டிலிருந்து போன அத்தனை நம்பரையும் அழித்துவிடு. இடுப்பளவில் நட்சத்திரம் போட்டிருப்பது கர்ப்பிணிகள், அதையும் உனக்குச் சொல்லித் தொலைத்திருக்கிறேன். அதில் பேக்கரிக்காரர் மருமகளுக்குப் போன வாரம் கரு தங்கவில்லை. தளர்த்தி வைத்த சட்டைகளைப் பழையபடி பிடிக்கச் சொல்லி இன்று கொடுத்துவிட்டுப் போனாள். எப்போது வாங்க வரலாம் என்றாள், முடிந்ததும் செய்தி அனுப்புகிறேன் என்றேன். போனைக் கையிலேயே வைத்திருக்கிறேன் அக்கா என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.

இருமல் நிற்கவில்லை என்றால் டாக்டரைப் பார், வேளைக்குச் சாப்பிடு. நன்றாக இரு என்று கை தானாக எழுதிவிட்டது, அதை அடித்துவிடவில்லை, இருக்கட்டும். முதலில் அவள் நம்பரை அழி.

இப்படிக்கு,
உன் அம்மா