மேனேஜர் பூட்டிய மெயில் பெட்டி

நேற்று உன் பதினாறாம் நாள். வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளைப் பார்த்ததும் எனக்கு அழுகை வரவில்லை, மில் ஞாபகம்தான் வந்தது. கம்ப்யூட்டர் அறைக்கு வெளியே நாம் இப்படித்தான் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, வெறுங்காலோடு ஏசிக் குளிருக்குள் போவோம். தூசி பட்டால் மெஷின் கெட்டுவிடுமாம். "நம்ம வீட்டுல மனுசங்களுக்கே ஃபேன் இல்ல, இதுக்கு வந்த வாழ்வப் பாருடீ" என்பாய்.

உள்ளே உன் படத்துக்கு மாலை போட்டுவிட்டு, நம் பழைய மேனேஜர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு பேசினார். "தங்கமான பொண்ணு. ரொம்ப அமைதி. ஒருநாளும் எதுத்து ஒரு வார்த்தை பேசுனதில்ல." உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. நீயா அமைதி?

எண்பதுகளின் கடைசி அது. அழகர்கோவில் போகிற சாலையில் அந்த நூல் மில். யூனிக்ஸ் ஓடும் ஒரே ஒரு கம்ப்யூட்டர், அதிலிருந்து ஒயர் இழுத்து ஆபீஸ் மேசைகளில் பச்சை எழுத்துத் திரைகள். மெயில் என்றால் வெளியூருக்கெல்லாம் போகாது. இந்த மேசையிலிருந்து அந்த மேசைக்கு, அதே மெஷினுக்குள்ளேயே. மெஷின் உன் பொறுப்பு. நான் திருவாதவூரிலிருந்து பஸ் பிடித்து வரும் புது ஆள், வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. தினமும் காலையில் நூல் இருப்பை மேனேஜருக்கு மெயிலில் அனுப்புவது என் வேலை.

அந்த வாரம் நான் அனுப்பியது எதுவும் அவருக்குப் போய்ச் சேரவில்லை. ஆபீஸ் நடுவில் என்னை நிற்கவைத்து, "அனுப்பாமலே அனுப்புனேன்னு பொய் சொல்லுது இந்தப் பொண்ணு. நாளையிலேர்ந்து வர வேணாம்" என்றார். என் சம்பளத்தை நம்பித்தான் வீட்டில் உலை வைத்தார்கள். 

நீ எழுந்து வந்தாய். "நகருடீ" என்று என் நாற்காலியில் உட்கார்ந்தாய். உனக்கு ஒரு மெயில் அனுப்பினாய், வந்தது. கேஷியருக்கு அனுப்பினாய், அவரும் கையைத் தூக்கினார். மேனேஜருக்கு அனுப்பியது மட்டும் போகாமல் என் பக்கமே திரும்பி வந்து கிடந்தது. அந்த வாரம் முழுக்க அப்படித்தான் திரும்பியிருக்கிறது, புது ஆளான எனக்கு அதைப் பார்க்கத் தெரியவில்லை. அப்புறம் அவருடைய மெயில் பெட்டிக்கு யார் யாருக்கு அனுமதி இருக்கிறது என்று பார்த்தாய். பார்த்ததும் சிரித்தாயே ஒரு சிரிப்பு! பெட்டியை அவர் ஒருவர்தான் தொட முடியும். மெயிலைக் கொண்டுபோய்ப் போடுகிற புரோகிராமுக்கே அனுமதி இல்லை.

ஆபீஸ் பெண்கள் தன் மெயிலைப் படிக்கிறார்கள் என்று அவருக்குச் சந்தேகம். அதற்கு முந்தின வாரம் மேனுவலைப் பார்த்து அவரே பூட்டியிருக்கிறார்.

"பெட்டியப் பூட்டி சாவிய இடுப்புல சொருகிக்கிட்டு, தபால் வரலைன்னு தபால்காரியத் திட்டுனா எப்பிடி சார்?" என்றாய், எல்லார் காதிலும் விழும்படி.

அவர் முகம் கறுத்துவிட்டது. பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "சரி சரி. திறந்து விட்ரும்மா. மெஷின் கோளாறுன்னு சொல்லிக்கிருவோம்."

"மெஷினுக்கு ஒரு கோளாறும் இல்ல சார். இவளுக்கும் இல்ல."

"இப்பத் திறக்கப் போறியா இல்லியா?"

"ஒரு வரி அடிச்சா திறந்துரும். ஆனா அடிக்க மாட்டேன். அம்புட்டுப் பேர் முன்னாடி இவளப் பொய்க்காரின்னீங்க. அம்புட்டுப் பேர் முன்னாடி இல்லன்னு சொல்லுங்க, அடிக்கிறேன்."

கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்துவிட்டாய். நான் உன் தோளைக் கிள்ளினேன். விட்டுருடீ, உன் வேலையும் போயிரும் என்று காதோரம் சொன்னேன். நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடைசியில் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அந்தப் பொண்ணு அனுப்பியிருக்கு. தப்பு என்னோடது" என்றார். சுவரைப் பார்த்துத்தான் சொன்னார், ஆனாலும் சொன்னார். அதற்குப் பிறகுதான் உன் விரல் கீபோர்டில் இறங்கியது. நான் மறுபடி அனுப்பினேன். மெயில் வந்திருக்கிறது என்று அவர் திரை காட்டியது.

அதற்கு நீ பட்ட பாடு எனக்குத் தெரியும். அடுத்த பதவி உயர்வு உனக்குப் பின்னால் வந்தவனுக்குப் போனது. கேண்டீனில் நான் குமுறியபோது, "போகட்டும் போ. சாப்பிடு, ஆறுது" என்றாய். எனக்கு ஆறவில்லை. இன்றைக்கும் ஆறவில்லை.

அப்படிப்பட்ட உன்னை நேற்று மேனேஜர், கேட்க ஆளில்லை என்று அமைதியான பொண்ணாக்கிவிட்டுப் போகப் பார்த்தார். நான் எழுந்தேன். வயதானவர், துக்க வீடு, எல்லாம் தெரியும். என் வீட்டுக்காரர் சேலையைப் பிடித்து இழுத்தார். "இல்ல சார். அவ எதுத்துப் பேசுனா. உங்களத்தான் எதுத்துப் பேசுனா. அதனாலதான் என் வேலை போகாம நின்னுச்சு" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். "இதெல்லாம் தனியாக் கூப்பிட்டுச் சொல்லக் கூடாதாம்மா?" என்றார்.

கூடாது சார் என்றேன். எல்லாரும் இருக்கும்போதே சொன்னேன்டீ.