ஒரே ஒரு ஈயக்குண்டு

திருகோணமலை
13.02.2024

அன்புள்ள ரபீக்காவுக்கு,

‘அன்புள்ள’ என்று எழுத இன்றைக்கு மனம் ஒப்பவில்லை. பழக்கதோஷத்தில் கை எழுதிவிட்டது, கிடக்கட்டும். வட்சப்பில் என்னைத் தடுத்துவைத்திருக்கிறீர். தபாற்காரரைத் தடுக்க ஏலாதே!

நேற்றுத் தரம் பத்துக்கு அணுவின் அமைப்புப் பாடம். வழமைபோல மீன்வலையைக் கட்டித் தொங்கவிட்டு, பிள்ளைகளிடம் விளையாட்டு மாபிள்களை எறியக் கொடுத்தேன். தினுஷா எழும்பி, “ரீச்சர், இது ரபீக்கா ரீச்சரின்ர புத்தகத்தில இருக்கு. அதைப் பாத்தோ செய்யிறீங்கள்?” என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. என் வகுப்பில், என் பாடத்துக்கு, நான் கள்ளி ஆனேன்.

எட்டு வருடங்களுக்கு முன் மீன்பிடிக்கிற அலியார் நானா கழித்துப்போட்ட வலையைத் துறைமுகக் கரையிலிருந்து சுமந்து வந்தவள் யார்? அதன் நடுவில் ஒரே ஒரு ஈயக்குண்டைக் கட்டியவள் யார்? அப்போது நீரும் இதே பள்ளிக்கூடத்தில்தான் படிப்பித்தீர். பின்வாங்கில் இருந்து கைதட்டினீர். “ரூபி, தங்கத் தகட்டுப் பரிசோதனை எனக்கே இப்பதான் விளங்குது” என்றீர். இன்று ஆசிரியர் கைந்நூலில் ‘ஆக்கம்: ரபீக்கா’ என்று தனியே நிற்கிறீர்.

ரதபோட்டைப் பாரும். தங்கத் தகட்டில் அல்பாத் துணிக்கைகளை மோதவிட்டு, இருட்டறையில் அவற்றின் மினுக்கங்களைக் கண் நோக எண்ணியவர்கள் கைகரும் மாஸ்டனும். 1909இல் அந்த முடிவு அவர்கள் இருவர் பெயரில்தான் வெளிவந்தது. ஆய்வுகூடத் தலைவரான ரதபோட் தன் பெயரை அதில் ஒட்டவில்லை. இரண்டு வருடம் கழித்து, அணுவுக்கு நடுவே கரு இருக்கிறதென்று எழுதியபோதும் அவர்களைச் சொல்லித்தான் எழுதினார். அவ்வளவு பெரிய மனிதருக்கு இருந்த நேர்மை உமக்கு ஏன் இல்லாமற் போயிற்று?

மறுபதிப்பில் என் பெயர் வரவேண்டும்.

கோபத்துடன்,
ஜெயரூபி

கொழும்பு
26.02.2024

என் ரூபிக்கு,

உமது கடிதத்தைத் தொட்டபோதே சுட்டது. பிழை என்னுடையதுதான். கைந்நூல் எழுதும் குழுவில் பெயர் கேட்டபோது அவசரத்தில் என்னுடையதைக் கொடுத்துவிட்டேன். பிறகு திருத்த வெட்கம். அதனால்தான் வட்சப்பிலும் ஒளித்தேன். மன்னியும்.

மறுபதிப்பில் வரும் பக்கத்தை இணைத்திருக்கிறேன். மேலே உமது பெயர் மட்டும்தான். இப்போது சந்தோஷமா?

ஒரு சின்ன மாற்றம் செய்தேன். ஒரு குண்டோடு பாடவேளை முழுக்க எறிந்தாலும் மாபிள் திரும்பி வருவதில்லை, பிள்ளைகள் அலுத்துப்போகிறார்கள் என்று ஆசிரியர்கள் முறைப்பட்டார்கள். அதனால் வலை நிறைய நாற்பது குண்டு கட்டச் சொல்லியிருக்கிறேன். எறிகிறதெல்லாம் திரும்பி வருகிறது, வகுப்பில் ஒரே கலகலப்பு!

பெருநாளுக்குக் கிண்ணியா வருகிறேன். வட்டிலப்பத்தோடு உமது வீட்டுக்கும் வருவேன்.

மாறாத அன்புடன்,
ரபீக்கா

திருகோணமலை
09.03.2024

ரபீக்காவுக்கு,

பக்கம் கிடைத்தது. மறைப்பானேன், என் பெயரை அச்சில் கண்டதும் அழுதேன். என் வீட்டுக்காரர் கிறிஸ்தோபர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் வாசித்தார். பிறகுதான் கீழே படத்தைப் பார்த்தேன்.

நாற்பது குண்டா? அட பாவி, திரும்பி வராததுதானே பாடம்! எறிந்ததெல்லாம் ஊடே போகிறதென்று பிள்ளைகள் அலுத்துக் களைக்கவேண்டும். எப்போதாவது ஒன்று நேரே திரும்பி வரும்போது திடுக்கிடவேண்டும். அணுவின் பெரும்பகுதி வெறுமை, நடுவில் துளியளவு கரு என்று அப்போதுதான் விளங்கும். எல்லாம் திரும்பி வந்தால் அது அணு இல்லை, மதில்.

களவெடுத்த பொருளை உடைக்காமலாவது வைத்திருக்கக் கூடாதா? அன்று விளங்கியது என்றீரே, உமக்கு ஒன்றுமே விளங்கவில்லை. என் பெயரை எடுத்ததை மன்னித்துவிட்டேன். இதை மன்னிக்க ஏலாது. நாடு முழுக்கப் பிள்ளைகள் பிழையான அணுவைப் படிக்கப்போகிறார்கள்.

இந்தப் பெயருக்காக நித்திரையில்லாமல் கிடந்தவள்தான் எழுதுகிறேன். படத்தைத் திருத்தும். திருத்தினால் உமது பெயரையே மறுபடி போட்டுக்கொள்ளும், சாகும்வரை நான் வாய் திறக்கமாட்டேன். திருத்த ஏலாதென்றால் என் பெயரை அந்தப் பக்கத்திலிருந்து எடுத்துவிடும். என் வீட்டு விலாசத்தையும் மறந்துவிடும்.

ஜெயரூபி