தப்பட்டைக்குப் பழைய பேட்டரி

1976 டிசம்பர் 5, ஞாயிறு
காலையிலிருந்து பனிமூட்டம். துணி ஒன்றும் காயவில்லை. என் வீட்டுக்காரர் தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டுகிற காட்டில் வழுக்கி விழுந்து, வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு போட்டு மூன்று வாரம். பிரிக்க ஜனவரி ஆகும். கிறிஸ்துமஸ் கும்மிக்குப் பத்து வருடமாகத் தப்பட்டை அடிப்பது இவர்தான். "வேற ஆளப் பாருங்க" என்று கூப்பிட வந்தவர்களிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். பார்க்கப் பொறுக்கவில்லை.

எனக்கு ஒரு யோசனை. தம்பி விட்டுப்போன கேசட் ரெக்கார்டரில் செப்டம்பரில் இவர் அடித்ததைப் பிடித்து வைத்திருக்கிறோமே!

டிசம்பர் 7, செவ்வாய்
வாங்க: மண்ணெண்ணெய், நூல்கண்டு, பேட்டரி 4. மண்ணெண்ணெய் மறந்துபோச்சு.

புதுப் பேட்டரி போட்டு ஒத்திகை. தகரத்தைத் தட்டுவது போல ஒல்லிச் சத்தம், அதுவும் ஒரே ஓட்டம். கும்மிப் பெண்கள் எட்டுப் பேரும் பாதிப் பாட்டில் மூச்சிரைத்து உட்கார்ந்துவிட்டார்கள். பக்கத்து வீட்டு மெர்சி சும்மா இருப்பாளா? "அண்ணன் பஸ்ஸப் புடிக்கிற அவசரத்துல அடிச்சிருக்காவ."

இவர் முகம் சுண்டிவிட்டது. "ஏட்டி, இது நான் அடிச்சதே இல்ல. நிறுத்து."

டிசம்பர் 9, வியாழன்
டேப்பைக் கடைசி வரை ஓடவிட்டேன். முடிவில் என் குரல்: "காப்பி ஆறுது, வாங்க." ஆறு வயதுப் பிள்ளை பேசுகிற மாதிரி. அப்போதுதான் உறைத்தது. பதிவு பண்ணிய அன்று பேட்டரி சாகக் கிடந்தது, டேப் மெதுவாக ஓடியிருக்கிறது. புதுசு போட்டதும் பறக்கிறது. "இதுவே ஓடுது, போதும்" என்று அன்று சொன்ன புத்திசாலி நான்தான்.

நல்லவேளை, பழசைத் தூக்கிப் போடவில்லை. இரண்டு பழசு, இரண்டு புதுசு: இன்னும் பிள்ளைக் குரல். மூன்று பழசு, ஒரு புதுசு: நானேதான்.

தாளம் இவருடையது. சத்தம் மட்டும் வேறு. குச்சியின் சுள்ளென்ற ஓசை மழுங்கி, அடி ஒவ்வொன்றும் கனமாக விழுகிறது. இவர் பெட்டியில் காதை வைத்து மூன்று தரம் கேட்டார். "நேர்ல இம்புட்டுக் கனம் கெடையாதுல்லா." கோபமா சந்தோஷமா தெரியவில்லை. சோறு மட்டும் இரண்டாம் தரம் வாங்கினார்.

டிசம்பர் 25, சனி
நாலு நாளாக வெயிலே இல்லை. பேட்டரியைக் காயவைக்க வழியில்லை. சாயங்காலம் போட்டுப் பார்த்தால் தாளம் இழுக்கிறது. இன்னொரு புதுசு மாட்டினால் பறக்கிறது. இவர் நாலையும் துண்டில் முடிந்துகொண்டு கோயில் சமையல் அடுப்போரம் போய் உட்கார்ந்தார். "தப்பட்டையக் காய்ச்சாம அடிப்பமா? இதையும் காய்ச்சணும்."

காய்ச்சிப் போட்டதும் தாளம் எழுந்துகொண்டது. கடைசிப் பாட்டில் மறுபடி தளர்ந்தது. பெண்களும் கூடவே தளர்ந்து, நிதானமாகச் சுற்றி முடித்தார்கள். அழகாக இருந்தது. மெர்சி இவர் எதிரிலேயே, "இந்த வருசச் சத்தந்தான் நல்லாருக்கு" என்றாள். நான் இவர் முகத்தைப் பார்த்தேன். இவர் சிரித்தார்.

1977 ஜனவரி 16, ஞாயிறு
கட்டுப் பிரித்து ஒரு வாரம். நாளை மேல் லைன் வீடொன்றில் கல்யாணம். இவர் தப்பட்டையை எடுத்தார். வழக்கம்போலத் தோல் விறைக்கச் சருகு கூட்டி நெருப்பு வைத்தேன். இவர் கிட்டேயே வரவில்லை. என் பழைய சேலைக் கிழிசலைக் குச்சி நுனியில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"நெருப்ப அணைச்சிரு. தள்ளி நின்னு கேளு. டேப்புல உள்ள மாதிரி வருதா?"

தண்ணீர்த் தொட்டி வரை போய் நின்றேன். முக்கால்வாசி வந்தது. "அப்படியே இருக்கு" என்று கத்திச் சொல்லிவிட்டேன்.